அரிப்புக் கரையில் ஒரு தேசாதிபதி மாளிகை

உப்பளங்கள் சூழ்ந்த பாலாவியிற் கற்பிட்டிப் பாதை பிரிந்துபோக, மற்றைய பாதை புத்தளத்தை அடைகின்றது. அங்கிருந்து எழுவன்குளம், மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை என வடக்கே நீண்ட பழைய கரையோர வழி அரிப்பைச் சேரும். பிரித்தானிய இலங்கையின் முதல் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் தாமே வரைந்த அமைப்பின்படி 1801க்கும் 1804க்கும் இடையில் எழுப்பிய மாளிகை அங்கேதான் இடிந்து நிற்கின்றது. கிரேக்கத் தூண்முறையைத் தழுவியமையால் ‘டோரிக்’ என்பது அதன் பெயராயிற்று.

கோடைவாசத்துக்கென எழுந்த மனையன்று இது. முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்வதே இதன் நோக்கம். 1796, 1797, 1798 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து நிகழ்ந்த பெருஞ் சலாபங்கள் பார்களை வறிதாக்கியிருந்தன. அரசின் கண் கரையிலேயே இருக்கவேண்டுமென நோர்த் கருதியதில் வியப்பில்லை. சலாபம் கூடும் மாதங்களில் வெறுமணல் நகராகிவிடும். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி ஆகிய இடங்களிலிருந்து குளிகாரர் வருவர், அராபியரும் வருவர். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டிகளுக்கு அரசே ஊதியம் அளித்தது. (கிரேக்கத் தூணை நிறுத்திய அதே அரசுதான்!) அடைப்பிட்ட வளவுகளிற் சிப்பிகள் குவிந்து அழுகும். அந்நாற்றம் மாளிகையின் மேல்தளத்தையும் எட்டியிருக்கும். சிப்பி ஓட்டைச் சுட்ட சுண்ணாம்பே செங்கற் சுவரிலும் தூண்களிலும் சலவைக்கல்போல மினுக்கப்பட்டது.

இம்மாளிகையைக் கண்ட பாதிரியார் ஜேம்ஸ் கோடினர், 1807இல் வெளியான தம் நூலில் இதன் அழகை மெச்சுவதோடு, சுற்றிலும் மரங்கள் நடப்பட்டமையையும் குறிக்கின்றார். அம்மரங்களுக்கு நேர்ந்ததை ஊகிப்பது எளிது. வடகீழ்ப் பருவமழையை மட்டுமே நம்பிய உவர்க்காற்று நிலம் அது. ஆண்டு முழுவதும் நீர் கேட்கும் சோலையைச் சில கிழமைகளே தங்கும் அதிகாரிக்காக வளர்க்க முயன்றனர். இன்று வளவில் முட்புதரே மிகுதி. மேல்தளத்திலிருந்து நோக்கியவர்க்கு உண்மையான தோட்டம் கடலுக்குள்ளேயே இருந்தது என்பேன்.

ஊரார் நாவில் நோர்த்தின் பெயர் நிலைக்கவில்லை. அவர்கள் இவ்விடிபாட்டை அல்லிராணியோடு சேர்த்தே பேசுவர். தெற்கேயுள்ள குதிரைமலையும் அவளுக்கே உரியதென்பர். இதனை அறியாமையென ஒதுக்கும் ஆய்வாளரோடு எனக்கு உடன்பாடில்லை. கட்டியவர் யாரென்ற வினாவுக்கு அப்பெயர் விடையாகாதுதான். ஆயினும் இக்கடலின் முத்து யாருடையது என்ற வினாவுக்கு மக்கள் அளித்த விடை அதிலுண்டு. பாண்டியரோடு முத்துக்குள்ள பழந்தொடர்பையும் அல்லியின் பெயர் சுமந்து நிற்கின்றது. ஆவணத்தை வைத்து இவ்வழக்கை அழித்தல் தகாது; இரண்டையும் அருகருகே எழுதி வைத்தல் வேண்டும்.

அதற்கு அவகாசம் குறைவு. கரையை அரித்துவரும் அலை மாளிகையின் ஒரு பகுதியை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. எஞ்சிய தூண்களையும் படிக்கட்டையும் வளவின் எல்லையையும் அளந்து வரைபடமாக்கும் பணியை நம் வரலாற்று மாணவர் மேற்கொள்ளலாம். கடற்பக்கச் சுவரிலிருந்து தொடங்குவது நலம்.