சராசரி மூக்கு: மண முன்கணிப்பில் 53 விழுக்காட்டை எப்படி வாசிப்பது?

2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான மண வரைபடக் கட்டுரையிலிருந்து ஓர் எண் மட்டுமே மீண்டும் மீண்டும் மேற்கோளாகிறது: 53 விழுக்காடு. ஏறத்தாழ 5,000 மூலக்கூறுகளில் பயின்ற நரம்பு வலைப்பின்னல், தான் முன்பு காணாத மூலக்கூறுகளுக்கு மணம் சொன்னது. பயிற்சி பெற்ற 15 பேர் அவற்றையே மோந்து, 55 மணச்சொற்களுக்கு மதிப்பெண் இட்டனர். 53 விழுக்காட்டு மூலக்கூறுகளில், குழுவின் சராசரியை நடுத்தர மதிப்பீட்டாளரைவிட எந்திரமே நெருங்கியது. இதைக் கொண்டு, தனி மூலக்கூறின் மணம் தீர்ந்துவிட்ட சிக்கல் என்றும், நறுமண எண்ணெயின் மணத்தைக் கணிக்க அதன் கூறுகளின் விழுக்காட்டுப் பட்டியலைச் சேர்த்தாலே போதும் என்றும் வாதிக்கும் போக்கு வலுத்திருக்கிறது. மூலக் கட்டுரை அந்த முடிவுக்கு இடந்தரவில்லை என்பதே என் வாசிப்பு.

அளவுகோலைக் கவனிப்போம். எந்திரத்தையும் மனிதரையும் ஒப்பிட்டது 15 பேரின் சராசரியோடு. பலருடைய மண விவரணைகளைத் திரட்டிப் பயின்ற எந்திரம் பொதுப்போக்கை நோக்கியே சாயும். தனியொருவரோ தமக்கு வாய்த்த மண ஏற்பிகளைக் கொண்டுதான் மோக்கிறார். பீட்டா-அயனோன் என்ற மூலக்கூறை எடுத்துக்கொள்ளலாம். ஓஆர்5ஏ1 என்னும் ஏற்பியில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே அதன் மணம் மாறிவிடுகிறது: கூருணர்வு உள்ளவருக்கு மலர்மணம், மற்றவருக்குக் காடியின் புளிப்பு நெடி. இரு சாராரும் கலந்த குழுவின் சராசரி ‘ஓரளவு மலர், ஓரளவு காடி’ என்று அமையும். அப்படியொரு மணத்தை அக்குழுவில் எவரும் மோந்திருக்கமாட்டார். ஆயினும் அந்தச் சராசரியை ஒட்டிய கணிப்பு வெல்லும். தாம் மோந்ததைத் திருத்தமாகச் சொன்னவர் தோற்பார். சோதித்த மூலக்கூறுகளில் எத்தனைக்கு இது பொருந்தும் என்பதை அந்த ஓர் எண்ணிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆகவே 53 தவறு என்று நான் சொல்லவில்லை. அது உடன்பாட்டின் அளவு. மணத்தின் அளவாக அதைக் கொள்வதே பிழை.

எண்ணெய்க்கு வரும்போது இப்பிழை பெருகுகிறது. குழுவினர் மூலக்கூறுகளைத் தனித்தனியே மோந்தனர்; எண்ணெயில் அவை ஒன்றையொன்று மறைத்தும் தூக்கியும் நிற்கின்றன. பல்கேரிய ரோஜா எண்ணெயில் சிட்ரோனெல்லோல் சுமார் 38 விழுக்காடு, பீட்டா-டமாஸ்செனோன் சுமார் 0.14 விழுக்காடு. செறிவை மண வரம்பால், அதாவது மூக்கு உணரும் மிகக் குறைந்த செறிவால், வகுத்துக் கணக்கிட்டாலோ, மண மதிப்பில் சுமார் 70 விழுக்காடு அந்தச் சிறுகூற்றுக்கே போகிறது. தமிழ்ப் பெயரோடு உலகெங்கும் விற்கும் வெட்டிவேர் எண்ணெய் இன்னும் தெளிவான சான்று. நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கொண்ட அதன் தனிமணத்துக்குக் காரணம் ஒரு சீசேன் வகைக் கீட்டோன் என்பது 2021இல் பதினொரு படி வேதித்தொகுப்பால் நிறுவப்பட்டது. அதன் வரம்பு லிட்டர் காற்றுக்கு 29 பிகோகிராம். விழுக்காட்டை எடையாகக் கொள்ளும் கணிப்பில் இத்தகைய கூறு இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

மண வரம்புகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுபடும் என்பதும், செறிவை வரம்பால் வகுப்பது கூறுகளின் ஊடாட்டத்தைக் காட்டாது என்பதும் உண்மை. ஆனால் டமாஸ்செனோனின் எடைப் பங்குக்கும் மணப் பங்குக்கும் உள்ள வேறுபாடு பல நூறு மடங்கு. அளவீட்டுத் தடுமாற்றம் அதை அழித்துவிடாது. பலருக்கு விற்கும் பொருளுக்குச் சராசரியே தேவை என்பது வணிகத்தின் நியாயம், மணத்தின் வரையறை அன்று. தரவு பெருகினால் எல்லாம் சரியாகும் என்பதும் நிற்காது: அதே முறையில் சேர்த்த தரவு அதே சராசரியைத்தான் இன்னும் உறுதியாகத் தரும்.

ஆகவே இனி வரும் ஆய்வுகள் இரண்டைச் செய்தாக வேண்டும். குழுவின் சராசரியோடு, ஒவ்வொருவரும் இட்ட மதிப்பெண்களின் பரவலையும் வெளியிட வேண்டும். இரண்டாகப் பிளவுபட்ட மூலக்கூறுகளை அப்போதுதான் தனியே பிரித்துச் சோதிக்க முடியும். எண்ணெயின் கூற்றுப் பட்டியலில் ஒவ்வொன்றின் விழுக்காட்டுக்கும் எதிரே அதன் மண வரம்பையும் எழுத வேண்டும். வெட்டிவேரின் மணத்தைச் சரியாகச் சொல்லும் எந்திரம் அந்தப் பட்டியலிலிருந்துதான் பயில முடியும்.