அருட்பணி நோக்குச் சபைகளும் இல்லச் சபைகளும்

ஆலயக் கட்டிடத்தையும் ஞாயிறு ஆராதனையையும் மையமாகக் கொள்ளாது, உலகத்திற்குள் அனுப்பப்பட்ட சமுதாயமே திருச்சபை என்ற கொள்கையினின்று தோன்றிய கிறிஸ்தவ இயக்கங்கள். 1952-இல் ஜெர்மனியின் வில்லிங்கனில் கூடிய மாநாடு, அருட்பணி மனிதருடைய முயற்சியன்று, கடவுளுடைய செயலே என்ற சிந்தனைக்கு வித்திட்டது. 1947 முதல் மதுரை இராமநாதபுரம் பேராயராகவும், பின்னர் சென்னைப் பேராயராகவும் விளங்கிய லெஸ்லி நியூபிகின், 1974-இல் இங்கிலாந்து திரும்பியபோது, மேனாட்டுச் சமுதாயமே சுவிசேஷம் அறிவிக்கப்பட வேண்டிய க்ஷேத்திரமாக மாறியிருப்பதைக் கண்டு எழுதிய நூல்கள், அருட்பணி நோக்குச் சபை இயக்கத்திற்கு அஸ்திவாரமாயின. தமிழ் நாட்டுக் கிராமச் சபைகளிடையே அவர் பெற்ற அனுபவம் அவரது சிந்தனையை உருவாக்கியது என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது. 1998-இல் டாரல் கூடர் பதிப்பித்த நூல் வட அமெரிக்காவில் இக்கொள்கையைப் பரப்பியது. 2004-இல் இங்கிலாந்துத் திருச்சபையும் புதுவகைச் சபைகளை ஆதரித்து அறிக்கை வெளியிட்டது.

இதனோடு உறவுடையது, நீல் கோல், பிராங்க் வயோலா முதலியோர் பிரசாரம் செய்த ‘ஆர்கானிக்’ சபை எனப்படும் இல்லச் சபை. வீடுகளில் சிறு குழுவாகக் கூடி, சம்பளம் பெறும் போதகரின்றி, அனைவரும் பங்குகொள்ளும் வழிபாட்டை அது நாடுகிறது. கட்டிடச் செலவு இன்மையால் விரைவில் பெருகும் சக்தி இதற்குண்டு. ஆயினும் உபதேசத்தைச் சோதிக்கும் அதிகாரபீடம் இல்லாமையும், குழந்தைகளுக்குச் சமயக் கல்வி புகட்டும் ஏற்பாட்டின் குறைவும், ஆற்றல்மிக்க ஒருவரின் மறைமுக ஆதிக்கமும், அவர் விலகியதும் குழு சிதறுதலும் இதன் கடுமையான இடர்கள். மேற்பார்வையை ஏற்று, மூத்த சபைகளுடன் உறவைப் பேணும் குழுக்களே நிலைபெறத் தக்கவை.