எச்.எம்.எஸ். மலாயா: பணியும் ஓய்வும்

எச்.எம்.எஸ். மலாயா, கோலாலம்பூரைத் தலைநகராகக் கொண்டிருந்த ஐக்கிய மலாய் மாநிலங்கள் தம் செலவில் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டிக் கொடுத்த போர்க்கப்பல். 1916-இல் பணியில் சேர்ந்தது. 1948-இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது.

1912-இல் பேராக் சுல்தான் இட்ரிஸ் இந்த நன்கொடையை முன்மொழிந்தார். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் பொதுக் கருவூலம் ஏறத்தாழ 29 லட்சம் பவுண்ட் செலவை ஏற்றது. அந்தக் கருவூலத்தை நிரப்பியவை ஈயம், அபின், ரப்பர் ஆகியவற்றின் வரிகள். கங்காணிகள் அழைத்து வந்த தமிழர்கள் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போன காலம் அது. நன்கொடை சுல்தான்களின் பெயரில் அறியப்படுகிறது. அந்த உழைப்பையும் சேர்த்து எழுதினால்தான் கப்பலின் வரலாறு முழுமையாகும்.

ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் நிறுவனம் கட்டிய கப்பல் 1915 மார்ச்சில் நீரில் இறங்கியது. 15 அங்குலப் பீரங்கிகள் எட்டு, எரிபொருள் எண்ணெய். முதல் உலகப் போரில், 1916 மே 31 அன்று நடந்த ஜட்லாந்து கடற்போரில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் நான்கு நிறக் கொடியைப் பறக்கவிட்டபடி போரிட்டது. எட்டு குண்டுகள் தாக்கின. வலப்புறத்து ஆறு அங்குலப் பீரங்கிக் கூடத்தில் வெடிமருந்து தீப்பற்றியதில்தான் பெரும் உயிரிழப்பு. மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1921-இல் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கன்னாட் கோமகனைச் சென்னைக்கு ஏற்றிவந்த பின், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் வந்தது.

அந்தக் காலத்தில் போர்க்கப்பல்களின் ஆயுள் குறைவு. 1904-இல் கடற்படைத் தலைமையேற்ற ஜான் ஃபிஷர், மெதுவானவை, வலுவற்றவை என்று 150-க்கும் மேற்பட்ட கப்பல்களைப் பணியிலிருந்து நீக்கினார். 1906-இல் வந்த டிரெட்நாட் என்ற புதுவகைப் போர்க்கப்பல், அதற்கு முந்தைய போர்க்கப்பல்களை ஒரேயடியாகப் பழையவையாக்கியது. 1922-இன் வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம் மேலும் பல கப்பல்களை உடைப்புக்கு அனுப்பியது. மலாயா தப்பியது அதன் பெரும் பீரங்கிகளால். அந்த ஒப்பந்தப்படி புதிய போர்க்கப்பல் கட்டத் தடை இருந்ததால், கையில் இருந்ததையே புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதன் உடன்பிறப்புகளான வார்ஸ்பைட், குயின் எலிசபெத், வேலியன்ட் ஆகிய மூன்றுக்கும் இயந்திரங்களே மாற்றப்பட்டன. மலாயாவுக்கு 1934-36-இல் நடந்தது பாதிச் சீரமைப்புத்தான். பழைய கொதிகலன்களோடுதான் அது அடுத்த போருக்குப் போனது. அதன் ஓய்வு அப்போதே தீர்மானமாகிவிட்டது எனலாம்.

இரண்டாம் உலகப் போரில் அது பெரும்பாலும் அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் வணிகக் கப்பல் தொடர்களுக்குக் காவல் போனது. 1941 மார்ச்சில் ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்ப்பிடோ தாக்கி, நியூயார்க்கில் பழுதுபார்க்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று, கப்பலுக்குப் பணம் கொடுத்த நான்கு மாநிலங்களில் ஒன்றான பகாங்கின் குவாந்தான் கடலுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. மலாயா கப்பல் அப்போது ஜிப்ரால்டரைத் தளமாகக் கொண்ட படையில் இருந்தது. 1942 ஜனவரி 11 அன்று ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் நுழைந்தனர். இந்த நாட்டின் பணத்தில் உருவான கப்பல், நாடு வீழ்ந்தபோது இந்தக் கடலில் இல்லை என்பதைச் சொல்லாமல் கடக்க முடியாது. வான்படைக்கு எதிரே அது வந்திருந்தாலும் பயன் இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

1943-இல் கப்பல் இருப்புப் பிரிவுக்குப் போனது. மறு ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்தின் லாக் ஸ்ட்ரைவனில், நீரில் துள்ளிச் செல்லும் ‘ஹைபால்’ குண்டுகளைச் சோதிப்பதற்கு இலக்காக நிறுத்தினார்கள். குண்டுகளில் வெடிமருந்து இல்லை. ஆனாலும் கப்பலின் பக்கச் சுவரில் ஓட்டை விழுந்தது. பிரான்ஸ் கரையில் சிறிது காலம் மீண்டும் பீரங்கி முழங்கிவிட்டு, 1944 இறுதியில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. பிறகு போர்ட்ஸ்மத்தில் மாலுமிகளின் தங்குமிடம்.

1948 பிப்ரவரி 20 அன்று மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் அதை வாங்கியது. ஏப்ரல் 12 அன்று உடைப்புக்காக ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேன் சேர்ந்தது. கப்பலைக் கொடுத்த ஐக்கிய மலாய் மாநிலங்கள் என்ற ஆட்சியமைப்பே 1946-இல் மலாயன் யூனியன் உருவானதோடு மறைந்து, 1948 பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு பிறந்திருந்தது. கப்பலின் மணிகளில் ஒன்று கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளிக்கு வந்து நெடுங்காலம் அங்கே இருந்தது. இன்னொன்று லண்டன் ஈஸ்ட் இந்தியா கிளப்புக்குப் போனது.