நுண்துளைப் பீங்கான் மாற்றெலும்பு: நடுப்பகுதியைச் சோதித்தல்

எலும்பில் விழுந்த இடைவெளியை நிரப்ப, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே ஒரு பகுதியை எடுத்து வைப்பது இன்றும் மருத்துவர்கள் முதலில் நாடும் முறை. ஆனால் அங்கே எடுக்கக்கூடிய எலும்பு கொஞ்சமே. எடுத்த இடமும் நெடுநாள் வலிக்கலாம். இதற்கு மாற்றாக வந்தவை கால்சியம் பாஸ்பேட் பீங்கான்கள். கால்சியம்–பாஸ்பரஸ் விகிதம் 1.67 ஆக உள்ள ஹைட்ராக்சிஅபடைட் மிக மெதுவாகவே கரைகிறது. விகிதம் 1.5 ஆக உள்ள டிரைகால்சியம் பாஸ்பேட் விரைவில் கரைந்து எலும்புக்கு இடம் விடுகிறது.

சென்னையிலும் அதன் தெற்குப் புறநகரிலும் உள்ள ஆய்வகங்களில் இந்தப் பொருள்கள் புதியவை அல்ல. கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி. மெட்ராஸில், கோழிமுட்டை ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, பாஸ்பேட் உப்புடன் சேர்த்து, நுண்ணலையில் சூடாக்கி நானோ அளவு ஹைட்ராக்சிஅபடைட் தயாரித்த முறை 2007இல் வெளியானது. ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் தாண்டிக் காட்டாங்கொளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். நிறுவனத்தில், கைட்டோசான் என்னும் பாலிமரும் ஹைட்ராக்சிஅபடைட்டும் கலந்த, எலும்பு வளர்வதற்கான சாரங்கள் ஆராயப்பட்டுள்ளன. எறியப்படும் ஓட்டிலிருந்து எலும்பின் கனிமம் கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கிடைப்பது பொடி. அதைக் குழம்பாக்கி, பாலியூரித்தேன் பஞ்சை அதில் தோய்த்து, உலையில் சுட வேண்டும். பஞ்சு எரிந்துபோக, அதன் துளை வடிவம் பீங்கானில் தங்கும். சோதிக்க வேண்டியது இந்தத் துளைகளைத்தான்.

துளையின் அளவு ஏன் முக்கியம் என்பதை 1970இல் ஹல்பர்ட் குழு நாய்களில் காட்டியது. கால்சியம் அலுமினேட் வில்லைகளில் 75 மைக்ரானுக்குக் குறைந்த துளைகளில் நார்த்திசுவே நுழைந்தது. 75 முதல் 100 வரை கனிமம் ஏறாத இளந்திசு. 100க்கு மேல் எலும்பு. இரத்த நுண்குழாய்கள் தாராளமாக நுழைய 300 மைக்ரானுக்கு மேல் நல்லது என்பது பிற்கால மதிப்பீடு. துளைகளுக்கு இடையிலான வாயில்கள் குறுகலாக இருந்தால் பெரிய துளையாலும் பயனில்லை. எனவே நுண்துளை விழுக்காட்டை மட்டும் சொல்லும் அறிக்கை பாதிச் செய்தியே. துளை கூடக்கூட வலிமை குறையும். பஞ்செலும்பின் அமுக்க வலிமையான 2 முதல் 12 மெகாபாஸ்கலை எட்டுவதே பல நுண்துளைப் பீங்கான்களுக்குக் கடினம்.

ஆய்வகத்தில் பெரிதும் செய்யப்படுவது கோகுபோ வகுத்த செயற்கை உடல்நீர்ச் சோதனை. இரத்தப் பிளாஸ்மாவுக்கு நிகரான அயனிகள் கொண்ட நீரில் பீங்கானை ஊறவைத்து, மேற்பரப்பில் எலும்பின் கனிமத்தை ஒத்த அபடைட் படிகிறதா என்று பார்ப்பார்கள். மலிவானது, விரைவானது, முதல் வடிகட்டலுக்கு ஏற்றது. ஆயினும் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் இந்நீரில் அபடைட் படியாமலே உடலில் எலும்போடு பிணைகிறது. 2009இல் ஆய்வாளர்கள் போனரும் லமெத்ரும் இச்சோதனையின் அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்தினர். அடுத்துச் செய்யப்படும் எம்.ஜி.-63 செல் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு: அவை எலும்புப் புற்றிலிருந்து வந்த செல்கள், தாமாகவே பெருகக்கூடியவை, தட்டில் ஊட்டம் எல்லாப் பக்கமும் கிடைக்கிறது. இரண்டு சோதனைகளும் மேற்பரப்பைப் பற்றியே பேசுகின்றன. உடலிலோ சிக்கல் உள்ளே, இரத்தம் எட்டாத நடுவில் இருக்கிறது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட ஆட்டுச் சோதனை இதைத் தெளிவாக்குகிறது. தொடையெலும்பில் 2 செ.மீ. வெட்டி, கால்சியம் சிலிகேட் உள்ளிட்ட மூன்று சேர்மங்கள் பூசிய ஹைட்ராக்சிஅபடைட்டை ஒரு குழுவில் வெறுமையாகவும் மற்றவற்றில் தண்டுச்செல்களோடும் வைத்தனர். எல்லாக் குழுக்களிலும் அது அழற்சியின்றி எலும்போடு இணைந்தது. விளிம்பை மட்டும் பார்த்திருந்தால் வேறுபாடே தெரிந்திருக்காது. நடுப்பகுதியில்தான் வேறுபாடு வெளிப்பட்டது: வெறும் பீங்கானில் எலும்பாக்கச் செல்களைப் போன்றவையும் பீங்கானின் ஒரு பகுதியும் காணப்பட்டன, மச்சைத் தண்டுச்செல்களை வளர்த்துப் பொருத்தியவற்றில் அப்பரப்பின் 60–70 விழுக்காட்டை இளம் எலும்பு நிரப்பியிருந்தது.

ஆகவே விலங்குச் சோதனையில் விளிம்புக்கும் நடுவுக்கும் தனித்தனி அளவீடு வேண்டும். தானாக ஆறிவிடாத அளவுள்ள வெட்டை ஒன்றும் நிரப்பாமல் விட்டு ஒப்பிடுவதும் வேண்டும். சிறிய காயம் பீங்கான் இல்லாமலே மூடிக்கொள்ளும். எக்ஸ்ரே மட்டும் போதாது, பீங்கானும் எலும்பும் அதில் ஒன்றுபோலவே வெளுத்துத் தெரியும். அமிலத்தில் கனிமம் நீக்கிய திசுச்சீவலிலோ எலும்பின் கனிமத்தோடு பீங்கானும் கரைந்து வெற்றிடமாகிவிடும். கனிமம் நீக்காமல் பிசினில் பதித்து, வைர வாளால் அறுத்துத் தேய்த்த சீவலில்தான் பீங்கான், எலும்பு, நார்த்திசு மூன்றையும் பிரித்து அளக்க முடியும்.