கடைமடையின் நன்றி: கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் வழிபாடு உருவான வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் இருபோகம் நெல் விளையும் நிலம் 14,707 ஏக்கர். பாசனக் கணக்கில் அது லோயர் கேம்பில் தொடங்கிப் பழனிசெட்டிபட்டியில் முடிகிறது. தேனியை ஒட்டிய இந்தப் பேரூராட்சியை ஊர்க்காரர்கள் பி.சி.பட்டி என்று சுருக்கிச் சொல்வார்கள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று மேலே உள்ள வயல்கள் நனைந்த பிறகே இங்குள்ள தடுப்பணைக்குத் தண்ணீர் வந்து சேரும். ஜூன் முதல் தேதி தேக்கடியில் மதகைத் திறந்தார்களா, எத்தனை கன அடி விட்டார்கள் என்ற விசாரிப்பில் கடைமடைக்காரருக்கு இருக்கும் பதைப்பு தலைமடைக்காரருக்கு இராது.

இந்தப் பள்ளத்தாக்கில் பல வீடுகளிலும் கடைகளிலும் சாமி படங்களோடு ஒரு பிரிட்டிஷ் பொறியாளரின் படமும் மாலையோடு தொங்குகிறது. அவர் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். தைப்பொங்கலை ஒட்டி அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அறிவியலும் இயந்திரமும் பெருகப் பெருக உலகத்தின் மாயம் கலைந்துபோகும் என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1917இல் மியூனிக் நகரில் ஆற்றிய உரையில் சொன்னார். அப்படியானால் அணை கட்டிய பொறியாளர் ஒருவர் எப்படி வழிபாட்டுக்குள் வந்தார்? பழைய பக்தியின் மிச்சம் என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது என்பது என் கருத்து. இந்த வழிபாட்டின் பொது வடிவம் இக்காலத்தின் ஆக்கம். தண்ணீர் தங்குதடையின்றி வந்த காலத்தைவிட, அது பறிபோகுமோ என்ற அச்சம் எழுந்த காலத்தில்தான் அது வலுப்பெற்றது.

இறந்த மனிதருக்குக் கல் நட்டு வணங்குவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆண்டிபட்டி வட்டாரத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழகத்தில் இதுவரை கிடைத்த எழுத்துடைய நடுகற்களில் இவையே மிகப் பழையவை என்று தொல்லியலாளர் கருதுகின்றனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனுக்காக எடுத்த கல். அந்தக் கூடலூர் இந்தப் பள்ளத்தாக்கின் கூடலூரே என்று கருதுவோர் உண்டு. தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலைகளைச் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் அது முடிகிறது. ஊருக்காக உயிரைக் கொடுத்தவன் ஊரின் காவலாகிறான் என்பது அதன் உட்பொருள்.

வெள்ளைக்காரரை வணங்கியதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1809இல் திருவிதாங்கூர் எல்லை அரணைப் பிடிக்கும் சண்டையில் காயம்பட்டு இறந்த கேப்டன் போல் என்பவரின் கல்லறையில் திருநெல்வேலிச் சீமை மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்ததாகக் கால்டுவெல் பாதிரியார் 1849இல் எழுதினார். ஆனால் அது அகால மரணம் அடைந்தவரின் ஆவிக்கு அஞ்சிச் செய்த சாந்தி. பென்னிகுவிக் முன் பொங்கல் வைப்பவரிடம் அச்சத்தின் சாயல்கூட இல்லை. கோதாவரி டெல்டாவில் தௌலேஸ்வரம் அணைக்கட்டைக் கட்டிய ஆர்தர் காட்டனை உழவர்கள் போற்றுவதோடு இதை ஒப்பிடுவதே பொருந்தும். இரண்டிலும் வழிபாட்டின் வேர் நன்றி. இரண்டிலும் நன்றிக்குக் காரணம் தண்ணீர்.

மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பென்னிகுவிக்குக்கு வெகு முன்பே தோன்றிவிட்டது. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789இலேயே அதை ஆராய்ந்து, செலவுக்கு அஞ்சிக் கைவிட்டார். 1808இல் கேப்டன் கால்டுவெல் இது வெறும் கற்பனை என்று அறிக்கை கொடுத்தார். (மேலே சொன்ன பாதிரியார் வேறு, இவர் வேறு.) 1850இல் தொடங்கிய சிறு வேலையும் காய்ச்சலால் நின்றது. 1876இல் வந்த தாது வருஷப் பஞ்சம்தான் அரசை உலுக்கியது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887இல் தொடங்கிய வேலை, வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனபோதும் தொடர்ந்தது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார்.

இந்த வரலாற்றோடு மக்கள் வழக்கில் இன்னொரு கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரசு பணம் தர மறுத்ததும் பென்னிகுவிக் இங்கிலாந்துக்குப் போய், சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று வந்து அணையை முடித்தார் என்பது அது. இதற்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை. அவரோடு பணிபுரிந்த ஏ.டி. மெக்கன்சி 1899இல் வெளியிட்ட திட்ட வரலாறு, சென்னை மாகாண அரசின் செலவில் நடந்த வேலையாகவே அணையை விவரிக்கிறது. ஆய்வாளன் இதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கதைக்குச் சான்றில்லை என்று சொன்னதோடு வேலை முடிந்துவிடாது. மக்கள் ஏன் அந்தக் கதையைக் கேட்டார்கள் என்பதுதான் முக்கியம். சம்பளம் வாங்கிக்கொண்டு கடமையைச் செய்த அதிகாரிக்கு நன்றி சொல்லலாம். பொங்கல் வைக்க முடியாது. நடுகல் மரபு தன் வீரனிடம் ஓர் இழப்பை எதிர்பார்க்கிறது. பென்னிகுவிக் உயிரைக் கொடுக்கவில்லை. 1911இல் இங்கிலாந்தில் இயற்கையாக மறைந்தார். இல்லாத அந்த இழப்பைச் சொத்து விற்ற கதை கொண்டுவந்து சேர்த்தது.

அடுத்த திருப்பம் 1979. அந்த ஆண்டு ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தது. அதன் பின் கேரளத்தில் முல்லைப் பெரியாறு பற்றிய அச்சம் பெருகியது. நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கினார்கள். கீழே, அதுவரை காற்றைப் போல இயல்பாக எண்ணியிருந்த தண்ணீர் வழக்கு மன்றத்துக்குப் போனது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. கேரளம் அதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 2011 டிசம்பரில் பள்ளத்தாக்கின் மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளி மலைச்சாலையை நோக்கித் திரண்டனர். கட்சிக்கும் சாதிக்கும் அப்பால் அத்தனை பேரையும் இணைக்க ஒரு முகம் வேண்டியிருந்தது. இங்குள்ள எந்தக் குலதெய்வமும் எல்லோருக்கும் பொதுவல்ல. பென்னிகுவிக் எந்தச் சாதிக்கும் சொந்தமில்லாதவர். எல்லார் வயலுக்கும் சொந்தமானவர்.

நாளும் பொருந்தி வந்தது. அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. அது தை முதல் நாளாகவோ மாட்டுப் பொங்கலாகவோதான் அமையும். தேனி மாவட்டம் பாலார்பட்டி கிராமத்தார் அன்று ஊர்கூடி எடுக்கும் பொங்கல் பேர்பெற்றது. பச்சரிசி, வெல்லம், பால் பொங்கும்போது குலவை எல்லாம் வழக்கமானவையே. பூசாரி தேவையில்லை, மந்திரம் இல்லை, குறி கேட்பதும் இல்லை. பி.சி.பட்டிக்கு அருகே அதே முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு முன் அங்கே மூன்று கிளையுள்ள அத்திக் கம்பத்தை நட்டு, பெண்கள் ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து அதற்கு ஊற்றுவார்கள். அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுப்பார்கள். அம்மனிடம் நோய் தீரவும் பிள்ளை பிறக்கவும் வேண்டுகிறார்கள். பென்னிகுவிக்கிடம் எதையும் வேண்டுவதில்லை. செய்ததற்கு நன்றி சொல்வது மட்டும்தான். இந்த வேறுபாட்டை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வரம் தரும் ஆற்றல் இல்லாத ஒருவர் முன் கைகூப்புவது, கடவுளை நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் ஒன்றுபோல் இயலும்.

அதனால்தான் சமயம் சாராத அரசும் இதற்குள் தயக்கமின்றி வர முடிந்தது. மதுரையில் பொதுப்பணித் துறை வளாகத்தில் 2000இல் முதல்வர் கருணாநிதி அவர் சிலையைத் திறந்தார். லோயர் கேம்பில் 2013 ஜனவரி 15இல் முதல்வர் ஜெயலலிதா மணிமண்டபம் திறந்தார். 2022 செப்டம்பரில் இங்கிலாந்தின் கேம்பர்லியில் ஸ்டாலின் அரசு சிலை நிறுவியது. தேனிப் பேருந்து நிலையமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஒகுஸ்த் கோம்த் 1849இல் ஒரு நாட்காட்டி வகுத்தார். புனிதர்களின் நாள்களுக்குப் பதிலாக ஆர்க்கிமிடீஸ், குட்டன்பர்க் போன்றோருக்கு மாதங்களை ஒதுக்கி, மனிதகுலத்தையே வணங்கும் சமயம் ஒன்றை உருவாக்க முயன்றார். பிரேசில் போன்ற சில இடங்களில் கோயில்கள் எழுந்ததைத் தவிர அது மக்களிடம் வேரூன்றவில்லை. அறிவாளி ஒருவர் திட்டம் போட்டுத் தோற்ற இடத்தில், இந்த உழவர்கள் திட்டமே இல்லாமல் வென்றிருக்கிறார்கள். தங்களிடம் ஏற்கெனவே இருந்த பொங்கல் பானையையும் படையலையும் அவர்கள் மாற்றவில்லை. அவற்றின் முன் வைத்த படம் மட்டும்தான் புதிது. வாழ்வுக்குப் பொருள் தேடும் மனம் வெறும் கருத்தில் நிற்பதில்லை. அதற்கு ஒரு நாள், ஒரு முகம், கையால் செய்ய ஒரு வேலை வேண்டியிருக்கிறது.

இந்த நன்றியில் ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அணை கட்டும்போது காய்ச்சலாலும் காலராவாலும் இறந்த 483 பேர் அணைக்கு வடக்கே அடக்கம் செய்யப்பட்டனர். பெரும்பாலோர் சுண்ணாம்பும் கல்லும் சுமந்த கூலிகள். நடுகல் மரபு கேட்ட இழப்பை உண்மையாகவே கொடுத்தவர்கள் இவர்கள். சொத்து விற்ற கதையைப் போல இதற்குப் புனைவின் துணை வேண்டியதில்லை. அந்தக் கல்லறைகள் இருக்கும் காடு இன்று பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. நினைத்தபோது போய்வர முடியாது. லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்குப் போக யாருக்கும் தடையில்லை. அந்தத் தொழிலாளருக்கு அங்கே ஒரு கல் நடலாம். ஆவணங்களில் அவர்களின் பெயர் எங்காவது கிடைக்குமானால் பொறிக்கலாம். கிடைக்காவிட்டால் எண்ணிக்கையையாவது பொறித்து, தை மாதப் பொங்கலில் ஒரு கைப்பிடியை அவர்களுக்கும் படைக்கலாம்.