தெப்பக்குளத்தைப் பார்க்கும் முன் தெருவைப் பார்ப்போம்

ரோமானியக் குளியல் மண்டபங்களின் படங்களைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்போம். ரோம் நகரில் கி.பி. 216-ல் திறக்கப்பட்ட கரகல்லா குளியல் மண்டபத்தின் இடிபாடுகளை இன்றும் டிக்கெட் எடுத்துக் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கிறார்கள். அந்தக் காலத்துப் பொதுக் குளியல் மண்டபங்களுக்கு ஏழைகளும் ஒரு சின்னச் செப்புக்காசோடு போனார்கள். அடிமைகளும் அங்கே குளித்ததுண்டு.

இதற்காக ரோமைப் புகழ வேண்டியதில்லை. தரைக்கடியில் அடுப்பெரித்து அந்த நீரைச் சூடாக்கியவர்களும் அடிமைகள்தான். ஆனால் அடிமை தொட்டால் நீர் தீட்டாகிவிடும் என்ற எண்ணம் ரோமானியனுக்கு இல்லை. அது நம் நாட்டுச் சரக்கு.

நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். கன்னியாகுமரிக்கு வேன் பிடித்துப் போகும் குடும்பங்கள் வழியில் சுசீந்திரத்தில் இறங்குகின்றன. தாணுமாலயன் கோயிலில் இசைத்தூண்களைத் தட்டிக் கேட்கிறார்கள், 18 அடி அனுமனை அண்ணாந்து பார்க்கிறார்கள், பிறகு தெப்பக்குளத்தின் நடு மண்டபம் தெரிகிறாற்போல நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாமும் எடுத்திருக்கிறோம். இதே இடத்தில் 1926-ல் டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று நடத்திய சத்தியாகிரகத்தைப் பற்றி அங்கே நமக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தப் போராட்டம் கேட்டது கோயிலை அல்ல, குளத்தையும் அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமையைத்தான் கேட்டது! திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். அதற்கு 71 ஆண்டுகள் கழித்தும் அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகள் தெருவுக்காகப் போராட வேண்டியிருந்தது. கூலியில்லா ஊழியத்துக்கு மட்டும் அவர்கள் கைகள் தீட்டில்லை.

அடுத்த ஆண்டே, 1927 மார்ச் 20 அன்று, மகாராட்டிரத்தின் மகாத் ஊரில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி முன்பே தீர்மானம் போட்டிருந்தது. ஆடுமாடுகள் குடித்த நீர்தான். ஆனாலும் சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1937-ல்தான்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1936 நவம்பர் 12 அன்று, திருவிதாங்கூரில் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது. சித்திரைத் திருநாள் மன்னரின் பெருந்தன்மை என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. 1924-ல் வைக்கத்திலும் 1926-ல் சுசீந்திரத்திலும் தெருவில் இறங்கியவர்களை விட்டுவிட்டு அப்படிச் சொல்வதை நாம் ஏற்க முடியாது.

அடுத்த முறை பிள்ளைகளோடு சுசீந்திரம் போகும்போது, குளக்கரைக்குப் போகும் முன் அந்த நான்கு தெருக்களையும் ஒருமுறை நடந்து சுற்றுவோம். எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் 1926-லிருந்து சொல்லத் தொடங்கலாம்.