சட்டத்தின் எல்லையும் வயலின் வரம்பும்

சட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவை நிறைவேறிய ஆண்டோடு நின்றுவிடுகின்றனர். எந்தச் சட்டம் எவர் வாசல்வரை சென்றது, எவர் வாசலைக் காணாமலே திரும்பியது என்ற கேள்வியை அவர்கள் எழுப்புவதில்லை. நச்சு இரசாயனங்கள் பற்றிய நமது நாட்டுச் சட்டங்களைப் பொறுத்தவரையில் அக்கேள்வியே உயிர்நிலையானது.

கிரானிலிருந்து நோக்குவோருக்கு இவ்வுண்மை எளிதில் புலப்படும். வடக்கே, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், 1956ஆம் ஆண்டு அரசு தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை உள்ளது. மேற்கே, புலிபாய்ந்தகல் பக்கமாக, கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. ஆலைக்கு மூலப்பொருளாக அமைந்தது இவ்வயல்களைப் போன்றவற்றில் விளைந்த வைக்கோலேயாகும். அதனை அவிக்கவும் வெளுக்கவும் கடுங்காரமும் குளோரினும் வேண்டியிருந்தன. இத்தகைய ஆலைத் தொழிலாளிக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் இருந்தது. பரிசோதகர் உள்ளே நுழையலாம். விபத்து நேர்ந்தால் நிர்வாகம் அறிவித்தாக வேண்டும். அச்சட்டம் முழுமையாக நிறைவேற்றப்பட்டது என்று நான் வாதிக்கவில்லை. எனினும் தொழிலாளி சுட்டிக்காட்டுவதற்கு ஓர் ஏடாவது இருந்தது. வயலுக்கு அதுவும் இல்லை. நெல் வரம்புக்குள் நிற்கும்வரை அதனைச் சுற்றி உழைத்தவன் சட்டத்துக்குப் புறம்பானவன். அதே நெல்லின் தாள் ஆலைவாசலைத் தாண்டியதும் அதனைத் தொட்டவன் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவன்!

புதிய நெல்லினங்களோடு இரசாயனங்களும் வயலுக்குள் பெருமளவில் இறங்கிய காலத்திலும் இந்நிலை மாறவில்லை. களைக்கும் பூச்சிக்கும் தெளிப்பதை நம்மவர் 'மருந்து' என்றனர். சிலர் 'எண்ணெய்' என்றனர். நஞ்சு என்று எவரும் சொல்லவில்லை. விற்பவனுக்கு இதைவிட வாய்ப்பான மொழிபெயர்ப்பு வேறு கிடைத்திராது.

அந்த 'மருந்து' செய்ததை முதன்முதலாகத் தெளிவான கணக்கில் காட்டியோருள் முதன்மையானவர் பேராசிரியர் ஜெயரத்தினம் ஆவார். அவரும் உடனாய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வின்படி, எழுபதுகளின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பீடைகொல்லி நஞ்சினால் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 1,000 பேர் மாண்டனர். அனுமதிக்கப்பட்டோரில் முக்காற்பங்கினர் தம்முயிரைத் தாமே மாய்க்க முனைந்தோர். எஞ்சிய காற்பங்கினரைத் தொழிலும் தற்செயலும் வீழ்த்தின.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்நிலையில்தான் வந்தது. பதிவாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். பதிவின்றி எப்பொருளும் விற்கப்படலாகாது என்றாயிற்று. இச்சட்டத்துக்கு ஒவ்வொரு நிலையினரும் எவ்வாறு கீழ்ப்படிந்தனர் என்பதே நாம் காணவேண்டியது. பெரிய நிறுவனம் கோப்பினால் கீழ்ப்படிந்தது: ஆய்வறிக்கை, விண்ணப்பம், முத்திரை. அதற்கெனச் சம்பளம் பெறும் நிபுணர்கள் அதனிடம் உண்டு. கடைக்காரர் சுவரில் தொங்கும் அனுமதிப்பத்திரத்தினால் கீழ்ப்படிந்தார். கடனுக்குப் பசளையும் மருந்தும் கொடுத்து அறுவடையில் நெல்லாக வாங்கிக்கொள்பவர், கையுறை உண்டா என்று வாடிக்கையாளரைக் கேட்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை. போடியார் போத்தலை முல்லைக்காரரிடம் ஒப்படைத்ததோடு தமது கடமை முடிந்ததென எண்ணினார். கடைசியில், முதுகில் தெளிகருவியும் இடுப்பில் சாரமுமாக வரம்பில் நடந்த கூலியாளின் தோளில் சட்டத்தின் முழுப்பாரமும் இறங்கியது. முகமூடி அணிக, காற்றுக்கு எதிராகத் தெளிக்காதே என்று சுட்டுத்துண்டு மும்மொழியிலும் அவனுக்கே ஆணையிட்டது.

ஒருமுறை அத்தகைய சுட்டுத்துண்டொன்றை வகுப்பில் வாசிக்கச் செய்தேன். பத்தாம் வகுப்பு மாணவர்கள் எழுத்துப் பிழையின்றி வாசித்தனர். பொருள் கேட்டபோது விழித்தனர். தமிழ் கற்பிப்பவனான எனக்கே இரண்டிடங்களில் தடுமாற்றம். "எங்கட அப்பா இதெல்லாம் போட்டா வெயிலுக்குள்ள விழுந்திருவார் சேர்" என்றான் ஒருவன். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 1985இல் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவையும் அவன் சொன்னதையே சொல்கிறது: வசதிக்குறைவானதும் விலைமிக்கதுமான பாதுகாப்பு உடை வேண்டும் பீடைகொல்லிகளை, வெப்பநாடுகளின் சிறு விவசாயிகளைப் பொறுத்தவரை தவிர்க்கவேண்டும்.

கூலியாளின் கவனக்குறைவே காரணம் என்போர் 1976இல் பாக்கிஸ்தானில் நிகழ்ந்ததைப் படிக்கவேண்டும். மலேரியா ஒழிப்பில் மலத்தியன் தெளித்த தொழிலாளர்களில் ஏறத்தாழ 2,800 பேர் நஞ்சேறி நோயுற்றனர், ஐவர் இறந்தனர். வேலைமுறையின் குறைகள் ஒருபுறமிருக்க, சரக்கே கெட்டிருந்தது. சேமிப்பில் உருவான மாசுப்பொருள் அதன் நச்சுத்தன்மையைப் பெருக்கியிருந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் சரக்குகள் வெவ்வேறு அளவில் நஞ்சாயிருந்தன. பெயர் ஒன்றே. தெளித்தவன் எவ்வாறு அறிவான்?

நமது நாட்டில் உயிர்களைக் காத்தது அறிவுரை அன்று, தடை. 1984இல் பரத்தியன் விலக்கப்பட்டது. 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியன நிறுத்தப்பட்டன. உடனே அவற்றின் இடத்தை எண்டோசல்பான் பிடித்தது. சட்டத்தின் எழுத்துக்குப் பணிந்த வணிகம் அதன் கருத்தைக் கடந்து சென்றது. வைத்தியசாலைக் கட்டில்கள் மீண்டும் நிறைந்தன. 1998இல் அதுவும் தடையாயிற்று. 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெத்தோவேட், பென்தியன் ஆகியவை படிப்படியாக அகற்றப்பட்டன. 1995இல் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்த தற்கொலை வீதம் பத்தாண்டுகளில் பாதியாயிற்று. இருபதாண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். நஞ்சை நீக்கினால் விளைச்சல் வீழும் என்ற பயமுறுத்தல் பொய்த்தது. இத்தடைகளால் நெல் விளைச்சல் குன்றியதாகத் தெரியவில்லை.

பரகுவாட்டின் கதை தனியே சொல்லத்தக்கது. பிரித்தானிய நிறுவனமொன்று 1962இல் சந்தைக்குக் கொண்டுவந்த களைகொல்லி அது. சுவிற்சர்லாந்து 1989இலேயே அதனைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் தடையாயிற்று. அதன் பின்னரும் பல்லாண்டுகள் அது இங்கிலாந்தில் உற்பத்தியாகிப் பிறநாடுகளுக்குக் கப்பலேறியது. சொந்தத் தோட்டத்தில் தெளிக்க ஆகாதது பிறர் வயலுக்கு ஆகுமாம்.

தடை எல்லாம் ஒரே தடையல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைகொல்லி இரண்டின் இறக்குமதியும் ஒரே வர்த்தமானியால் நிறுத்தப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடையில் ஆய்வும் இல்லை, மாற்றுப்பொருளும் இல்லை. முன்னைய தடைகள் ஒவ்வொரு நஞ்சாக எடுத்து, எடை பார்த்து, கால அவகாசம் கொடுத்து வந்தவை. அவற்றின் சுமையை இறக்குமதியாளர் ஏற்றனர். இதன் சுமையோ அவ்வாண்டுப் பெரும்போகத்தில் மஞ்சளித்து நின்ற பயிரோடு விவசாயியின் தலையில் விழுந்தது. அரைக் கொள்ளளவு நெல்லோடு வீடு திரும்பியவர்கள் அடுத்த போகத்துக்கும் அதே கடைக்குத்தான் கடன் கேட்டுப் போனார்கள்.